காற்று வலுக்கும்போது நின்ற காற்றாலை: நேர அட்டவணையில் பணிகளை ஓட்டும் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையின் மாதிரியாக்கம்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஆரல்வாய்மொழியை நெருங்கும்போது இருபுறமும் தென்படும் காற்றாலைகளில், உயரமான புதியவற்றுக்கு நடுவே சற்றுக் குள்ளமாக, 1990-களின் காலத்து இயந்திரங்கள் இன்னும் பல சுழன்றுகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு, பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகி உதிரிபாகம் கிடைக்காமற்போனதால், நாகர்கோவிலில் உள்ள எங்கள் சிறிய பட்டறையில் புதிய கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை வடிவமைத்துப் பொருத்தினோம். இரண்டு காற்றுப் பருவங்கள் குறையின்றி ஓடிய அந்தப் பலகை மூன்றாம் பருவத்தில் தொல்லை கொடுத்தது. அதன் காரணத்தைக் கண்டறிந்த விதமும், அதன்பின் மென்பொருளை, எந்தப் பணி எப்போது ஓடும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் நேரத்தூண்டல் முறைக்கு மாற்றியபோது அட்டவணையை எப்படி மாதிரியாக்கினோம் என்பதும் இந்த ஆய்வின் பொருள். பழுதான மென்பொருளும் நாங்களே எழுதியதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இயந்திரம் 250 கிலோவாட் திறன் கொண்டது. இறக்கைகளின் கோணத்தை மாற்றும் ஏற்பாடு இதில் இல்லை; காற்று மிஞ்சும்போது காற்றோட்டம் இறக்கையின் பரப்பைவிட்டு விலகுவதால் திறன் தானாகவே மட்டுப்படும். நான்கு துருவத் தூண்டல் ஜெனரேட்டர் என்பதால் 50 ஹெர்ட்ஸ் மின்கட்டமைப்போடு இணைந்திருக்கும்போது நிமிடத்துக்கு 1500 சுற்றுகளைச் சற்றே தாண்டிய வேகத்தில் அது நிலைத்து நிற்கும். மின்கட்டமைப்பு திடீரென்று விடுபட்டால் ஜெனரேட்டரின் மேலுள்ள சுமை ஒரே நொடியில் மறைந்து, சுழலி வேகமெடுக்கத் தொடங்கும். அப்போது இறக்கை நுனித் தடைகள் விரிந்தாக வேண்டும். மின்சாரம் போனாலும் தடை விழும்படியாகவே அந்த ஹைட்ராலிக் அமைப்பு கட்டப்பட்டிருக்கிறது. கட்டுப்பாட்டுப் பலகை செத்தாலும் இயந்திரம் பாதுகாப்பாக நிற்கும் என்பது இதன் பொருள். ஆகவே எங்கள் பழுதினால் எவருக்கும் ஆபத்து நேரவில்லை. உரிமையாளருக்கு மின்னுற்பத்திதான் போயிற்று.

பழுதின் தன்மையை முதலில் சரியாகச் சொன்னவர் காற்றாலையைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர். "நல்ல காத்து வீசும்பதான் சார் இது மக்கர் பண்ணுகு" என்று அவர் தொலைபேசியில் சொன்னதை நாங்கள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே பாயும் மாதங்களில் மின்னல், மின்னழுத்த வீழ்ச்சி, காண்டாக்டர்கள் (மின் இணைப்பு விசைகள்) மூடித் திறக்கும்போது எழும் மின்காந்த இரைச்சல் ஆகிய எல்லாமே கூடும். எனவே குற்றவாளி வெளியேதான் இருக்க வேண்டும் என்று எண்ணினோம். மின்வழங்கியை மாற்றினோம், கேபிள்களின் உறைகளை மறுபடியும் நிலத்தோடு இணைத்தோம், இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்கள் மாட்டினோம். இவ்வாறு மூன்று வாரங்கள் கழிந்தன. மென்பொருள் குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் பலகையை மீளத் தொடங்கச் செய்யும் காவல் கடிகாரமான வாட்ச்டாக்கால்தான் ஒவ்வொரு முறையும் பலகை மீளத் தொடங்கியிருந்தது என்பது மட்டும் தெரிந்தது. நிகழ்வுப் பதிவில் அந்த நேரத்தைச் சுற்றி ஒரு வரிகூட இல்லை. பதிவு எழுதும் பணியே குற்றத்தில் உடந்தை என்பதால்தான் அங்கே ஒன்றும் பதிவாகவில்லை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பழைய மென்பொருளின் அமைப்பு

பலகையில் இருந்தது ஆர்ம் கார்டெக்ஸ்-எம்4 வகை மைக்ரோகன்ட்ரோலர். அதன்மேல் முன்னுரிமை அடிப்படையில் பணிகளை இடைமறித்து ஓட்டும் ஒரு நிகழ்நேர இயங்குதளம் ஓடியது. பணிகள் ஏழு. சுழல்வேகத்தைக் கணித்து மிகைவேகத்தைக் கண்டறியும் பணி 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை ஓடும். அதன் அதிகபட்ச ஓட்ட நேரம் 0.8 மில்லி வினாடி. மின்கட்டமைப்பின் மின்னழுத்தம், மின்னோட்டம், அதிர்வெண் ஆகியவற்றைக் கணிக்கும் பணி 20 மில்லி வினாடிக்கு ஒருமுறை, 2.6 மில்லி வினாடி. கோபுர அதிர்வு, ஹைட்ராலிக் அழுத்தம், வெப்பநிலைகள் ஆகியவற்றைப் படிக்கும் உணரிப் பணி 40-க்கு ஒருமுறை, 1.5. இயந்திரம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் நிலைப்பணி 40-க்கு ஒருமுறை, 1.2. காற்றின் திசைக்கேற்பத் தலையைத் திருப்பும் பணி 200-க்கு ஒருமுறை, 0.9. மோடம் வழியாகச் செய்தி அனுப்பும் பணி 100-க்கு ஒருமுறை, 3.5. பதிவுப் பணி, பதிய வேண்டியது வரும்போதெல்லாம்.

இந்த எண்கள் ஒன்றும் வானத்திலிருந்து விழவில்லை. மைக்ரோகன்ட்ரோலரின் உள்ளேயே உள்ள சுழற்சி எண்ணியைக் கொண்டு ஒவ்வொரு பணியையும் பல நாட்கள் அளந்து, கிடைத்த மிகப் பெரிய மதிப்போடு அதன் கால் பங்கைச் சேர்த்துக்கொண்டோம். செய்திப் பணி அளவையில் 2.8-ஐத் தாண்டவில்லை; எனவே 3.5 என்று வைத்தோம். அளந்து பெற்ற உச்சம் உண்மையான உச்சம் ஆகாது என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்தும் எல்லோரும் செய்யும் பிழை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பதிவுப் பணியை 200 மில்லி வினாடிக்கு ஒருமுறை 2.0 என்று கொண்டு கூட்டினால் செயலியின் மொத்தப் பயன்பாடு 32.7 விழுக்காடுதான். லியூவும் லேலண்டும் 1973-இல் நிறுவிய வரம்பின்படி, குறுகிய கால இடைவெளி உள்ள பணிக்கு உயர்ந்த முன்னுரிமை தரும் முறையில், ஏழு பணிகளுக்குப் பயன்பாடு சுமார் 72.8 விழுக்காட்டைத் தாண்டாதவரை எந்தக் கெடுவும் (பணி முடிய வேண்டிய நேர எல்லை) தவறாது. நாங்கள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. செயலி மூன்றில் இரண்டு பங்கு நேரம் சும்மா இருந்தது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, நேரப் பிரச்சினை இருக்க வழியே இல்லை என்று முடிவுகட்டிய கையெழுத்து என்னுடையது.

அந்த வரம்பு, பணிகள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோளின்மேல் நிற்கிறது. எங்கள் பணிகள் சார்ந்திருந்தன. உணரிகளின் மின்குறிகளை எண்களாக மாற்றும், உணரிப் பணி படிக்கும் வெளிப்புற எண்ணாக்கியும், பதிவுகள் சேமிக்கப்படும் ஃபிளாஷ் நினைவகமும் எஸ்.பி.ஐ. என்னும் ஒரே தரவுத் தடத்தில் தொங்கின; ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே பயன்படுத்தும்படி அந்தத் தடத்துக்கு ஒரு பூட்டு இருந்தது. நிலைப்பணி, உணரிப் பணி தரும் புதிய மதிப்புக்காகக் காத்திருந்து, முடிவெடுத்தபின் வாட்ச்டாக்கைத் தட்டிக்கொடுக்கும். 100 மில்லி வினாடிக்குள் தட்டு விழாவிட்டால் வாட்ச்டாக் பலகையை மீளத் தொடங்கச் செய்யும். தட்டுகளுக்கிடையே இயல்பான இடைவெளி 40 என்பதால், வழியில் யாராவது 60-க்கு மேல் தாமதித்தால் மட்டுமே விபரீதம்.

மாதிரியில் வெளிப்பட்ட பழுது

கடைசியில், கருவிகளை மாற்றுவதை நிறுத்திவிட்டு, பழைய மென்பொருளையே நேர ஆட்டோமேட்டாக்களாக எழுதிப் பார்த்தோம். ஆலூரும் டில்லும் 1994-இல் முறைப்படுத்திய இந்தக் கோட்பாட்டில், ஒவ்வொரு பணியும் சில நிலைகளும் அவற்றுக்கிடையே தாவல்களும் கொண்ட ஓர் இயந்திரம். ஒவ்வொன்றிலும் தடையின்றி முன்னேறும் கடிகாரங்கள் இருக்கும். ஒரு நிலையில் எவ்வளவு நேரம் இருக்கலாம், எப்போது தாவலாம் என்பதைக் கடிகார மதிப்புகளின்மேல் இடும் நிபந்தனைகள் தீர்மானிக்கும். உப்சாலா, ஆல்போர்க் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கி, இரண்டின் பெயரிலிருந்தும் எழுத்தெடுத்துப் பெயரிட்ட உப்பால் என்னும் மென்பொருள், இப்படி எழுதிய மாதிரியின் எல்லா ஓட்டங்களையும் ஆராய்ந்து, "வாட்ச்டாக் எப்போதாவது காலாவதியாகுமா?" என்பது போன்ற வினாவுக்கு விடை சொல்லும். ஆகும் என்றால், ஆகும் வழியையும் படிப்படியாகக் காட்டும்.

காலத்தின் அலகை 0.1 மில்லி வினாடியாக வைத்தோம். பூட்டுக்கு ஓர் ஆட்டோமேட்டா, வாட்ச்டாக்குக்கு ஒன்று, பணிகளுக்கு ஒவ்வொன்று. ஃபிளாஷில் 4 கிலோபைட் பகுதி ஒன்றை அழிக்க ஆகும் நேரத்தை 45 மில்லி வினாடி என்று எழுதினோம். சில்லின் தரவுத்தாளில் வழக்கமான மதிப்பு அதுதான், பட்டறையில் நாங்கள் அளந்ததும் அதையொட்டியே இருந்தது. உப்பால் ஒரு குறையும் இல்லை என்றது. அன்று மாலை வெறுத்துப்போய் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் தரவுத்தாளை மறுபடி பார்த்த இளம் பொறியாளர் ஒருவர், 45-க்குப் பக்கத்துக் கட்டத்தில் அதிகபட்சம் என்ற தலைப்பின்கீழ் 400 என்று இருப்பதைச் சுட்டிக்காட்டினார். மாதிரியில் அந்த ஒரே எண்ணை ஒரு வீச்சாக, 400 வரை எந்த மதிப்பும் ஆகலாம் என்று மாற்றினோம். சில வினாடிகளில், பழுது நேரும் வழியைக் காட்டும் எதிர்ச்சான்று வந்தது. நிலைப்பணி வாட்ச்டாக்கைத் தட்டுகிறது. மூன்று மில்லி வினாடி கழித்துப் பதிவுப் பணி பூட்டை எடுத்து, அழிக்கும் கட்டளையை இட்டு, முடிந்ததா முடிந்ததா என்று சில்லைக் கேட்டபடியே பூட்டோடு உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை எழும் உணரிப் பணி பூட்டு கிடைக்காமல் நிற்கிறது. நிலைப்பணி உணரிப் பணிக்காக நிற்கிறது. நூறாவது மில்லி வினாடியில் வாட்ச்டாக் பாய்கிறது.

காற்று வலுக்கும்போது மட்டும் ஏன், மூன்றாம் பருவத்தில் மட்டும் ஏன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இதன்பின் எளிதாகக் கிடைத்தது. ஒரு பதிவு 32 பைட். 128 பதிவுகளுக்கு ஒரு பகுதி நிறையும். அமைதியான நாளில் நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அழிப்பு. காற்று விட்டுவிட்டு வீசும் நாளில் ஜெனரேட்டர் இணைவதும் பிரிவதும், தலை திரும்புவதும், சூறைக்காற்று எச்சரிக்கையும் என்று இரண்டு வினாடிக்கு ஒரு பதிவு வந்தால் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அழிப்பு. அதோடு, எந்தப் பகுதியில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்ற குறிப்பை நாங்கள் எப்போதும் ஒரே தலைப்புப் பகுதியில் வைத்து, ஒவ்வொரு முறையும் அதை அழித்து எழுதியிருந்தோம். நாளுக்கு 200 அழிப்பு, பருவத்துக்கு 150 நாள் என்று தோராயமாகக் கொண்டாலும் மூன்றாம் பருவத்தின் முடிவில் 90,000 ஆகிறது. அந்தச் சில்லின் வாழ்நாள் உறுதிமொழி 1,00,000. ஃபிளாஷ் தேயத் தேய அதை அழிக்க ஆகும் நேரம் நீளும். காற்றாலையிலிருந்து கழற்றி வந்த சில்லில் மற்றப் பகுதிகள் 50-க்குள் அழிய, தலைப்புப் பகுதி மட்டும் 70 முதல் 110 வரை எடுத்தது. பட்டறைப் பலகையில் புதுச் சில்லு. ஆயுள் முழுக்கச் சோதித்திருந்தாலும் அங்கே இந்தப் பழுது வந்திராது.

1997 சூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தில் இதுபோன்ற ஒரு பூட்டுச் சிக்கல் நேர்ந்தது இத்துறையினர் எல்லோருக்கும் தெரிந்த கதை. அங்கே தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒன்று பூட்டை வைத்திருக்க, நடுத்தர முன்னுரிமைப் பணிகள் அதை ஓடவிடாமல் தடுத்ததால், உயர்ந்த பணி காத்துக் கிடந்து கெடுவைத் தவறவிட்டது. பூட்டை வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் ஏற்பாட்டை இயக்கியதும் அது தீர்ந்தது. எங்களிடம் அந்த ஏற்பாடு முதல் நாளிலிருந்தே இயங்கிக்கொண்டுதான் இருந்தது. பயனில்லை, ஏனெனில் எங்கள் பதிவுப் பணியை யாரும் தடுக்கவில்லை. அது வன்பொருளுக்காகக் காத்திருந்தது. முன்னுரிமையை எவ்வளவு உயர்த்தினாலும் ஃபிளாஷ் சில்லு விரைவாக அழியப்போவதில்லை.

நேரத்தூண்டலுக்கு மாறியது ஏன்

இந்த ஒரு பிழையைத் திருத்த அரை நாள் போதும்: அழிப்புக் கட்டளையை இட்டதும் பூட்டை விட்டுவிட வேண்டும், அவ்வளவே. அதைச் செய்து, பருவம் முடியும்வரை ஓட்டவும் செய்தோம். ஆனால் இதுபோல வேறு எத்தனை காத்திருப்புகள் ஒளிந்திருக்கின்றன என்று கேட்டால் எங்களிடம் விடை இல்லை. பழைய அமைப்பை முழுமையாக மாதிரியாக்குவது கடினமாகவும் இருந்தது. இடைமறிக்கப்படும் பணியின் ஓட்ட நேரத்தைக் கணக்கிட, இடைமறிப்பின்போது நின்று பிறகு தொடரும் கடிகாரம் வேண்டும். அத்தகைய நிறுத்துக் கடிகாரங்கள் நுழைந்தால் உப்பால் துல்லியமான விடைக்குப் பதில் மிகைப்படுத்திய தோராயத்தையே தரும். ஆகவே நாங்கள் ஒவ்வொரு பணியின் மறுமொழி நேரத்தையும் ஒரு வீச்சாக வைத்து ஒப்பேற்றியிருந்தோம். பழுதைக் கண்டுபிடிக்க அது போதும். பழுதே இல்லை என்று சொல்ல அந்த வீச்சு மிக அகலமானது. சில இடங்களில் நடக்கவே முடியாத எதிர்ச்சான்றுகளையும் தந்தது.

நேரத்தூண்டல் முறையில் எந்தப் பணி எந்தக் கணத்தில் தொடங்கும் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்படுகிறது. வெளியே எது நிகழ்ந்தாலும் அந்த வரிசை மாறாது. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் கோபெட்ஸ் பல பத்தாண்டுகளாக வளர்த்த கட்டமைப்பு இது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரைச் சொன்னால் போதும். ஆற்றில் தண்ணீர் குறையும் காலத்தில் முறை வைத்து விடுவார்கள். முறை நாளில் உங்கள் வயலுக்குத் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் வரும். முறை இல்லாத நாளில் பயிர் வாடினாலும் வராது. அதில் வீணாகும் தண்ணீர் உண்டு. ஆனால் கடைமடைக்காரர் தம் பங்கு வருமா என்று மடைக்கு மடை ஓடிப் பார்க்க வேண்டியதில்லை.

வீண் என்பதை மறுக்கவில்லை. காற்றே இல்லாத கார்த்திகை இரவிலும் திசைப் பணி 200 மில்லி வினாடிக்கு ஒருமுறை எழுந்து, ஒன்றுமில்லை என்று கண்டு படுத்துக்கொள்கிறது. மின்கலத்தில் ஓடும் ஒரு மழைமானிக்கு இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அது துளி விழும்வரை தூங்கட்டும். மின்சாரத்தை உற்பத்தி செய்யும் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சில மில்லிவாட் ஒரு பொருட்டல்ல.

அட்டவணையை வகுத்தது

எல்லாக் கால இடைவெளிகளின் மீச்சிறு பொது மடங்கு 200 மில்லி வினாடி. அவ்வளவு நேரத்துக்கு ஓர் அட்டவணை எழுதினால் அதையே திரும்பத் திரும்ப ஓட்டலாம். அந்த 200-ஐச் சம அளவுள்ள கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். கட்டத்தின் அளவுக்கு பேக்கரும் ஷாவும் 1988-இல் தந்த நிபந்தனைகள் மூன்று. மிக நீண்ட பணி ஒரு கட்டத்துக்குள் முடிய வேண்டும். கட்டம் 200-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். ஒவ்வொரு பணிக்கும், அது தயாராகும் கணத்துக்கும் அதன் கெடுவுக்கும் இடையே முழுக் கட்டம் ஒன்றாவது அடங்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையைக் கணக்காகச் சொன்னால், கட்டத்தின் இருமடங்கிலிருந்து, கட்டத்துக்கும் பணியின் இடைவெளிக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணியைக் கழித்தால் கிடைப்பது கெடுவைத் தாண்டக் கூடாது.

முதல் நிபந்தனையால் 3.5-க்குக் கீழ் எதுவும் ஆகாது. 8 எடுத்தால், வேகப் பணிக்கு 16-இலிருந்து 2 கழித்து 14. கெடு 10 என்பதால் தள்ளுபடி. 20-உம் அவ்வாறே. 4, 5, 10 மூன்றும் தேறின. 4 எடுத்தால் 10 அதன் மடங்கு அல்ல என்பதால் வேகப் பணி 8, 12 என்று மாறிமாறி வரும். வேகத்தைக் கணிக்கும் பணியின் இடைவெளியே நொண்டினால் முடுக்கத்தைக் கணிப்பதில் பிழை நுழையும். 10 எடுத்தால் ஒரே கட்டத்தில் பல பணிகள் வரிசைகட்டி நிற்கும். பின்னால் நிற்பவர் தொடங்கும் நேரம் முன்னால் நிற்பவரைப் பொறுத்து ஆடும். ஆகவே 5. அட்டவணையில் 40 கட்டங்கள், 0 முதல் 39 வரை.

இரட்டைப்படைக் கட்டங்கள் இருபதும் வேகப் பணிக்கு. ஒவ்வொன்றிலும் அதுவே முதலில் ஓடும் என்பதால் அதன் தொடக்க நேரத்தில் ஆட்டமே இல்லை. மின்கட்டமைப்புப் பணி 1, 5, 9 என்று நான்கு நான்காகத் தாவும். உணரிப் பணி 3, 11, 19, 27, 35. அதன் மதிப்பு பழசாகுமுன் பயன்படும்படி நிலைப்பணி அதற்கு அடுத்த கட்டங்களில், 4, 12, 20, 28, 36-இல், வேகப் பணியின் பின்னால் ஓடும். பழைய அமைப்பில் ஒருவருக்கொருவர் காத்திருந்து பெற்ற ஒழுங்கு, இங்கே இடத்தாலேயே கிடைத்துவிடுகிறது. பூட்டும் தேவையில்லை, ஒரு நேரத்தில் ஒரே பணிதான் ஓடுகிறது.

இடர்ப்பட்டது செய்திப் பணி. 100 மில்லி வினாடி என்றால் இருபது கட்டத்துக்கு ஒருமுறை. மீதமிருந்த ஒற்றைப்படைக் கட்டங்கள் 7, 15, 23, 31, 39. இவற்றில் எதிலிருந்து இருபது கட்டம் முன்னோ பின்னோ தாவினாலும் உணரிப் பணியின் கட்டத்தில்தான் போய் விழுகிறது. 7-இலிருந்து தாவினால் 27. அங்கே 1.5-உம் 3.5-உம் சேர்ந்து சரியாக 5.0. கணக்கு இடம் கொடுக்கிறது, மனம் கொடுக்கவில்லை. 100 என்பது 40-இன் மடங்கு அல்ல என்பதால் வந்த வினை இது. இரட்டைப்படையில் 2-உம் 22-உம் கிடைத்தன. வேகப் பணியின் பின்னால் 4.3 வரை ஓடும். நெடுநேரம் விவாதித்தபின்தான், 100 என்ற எண்ணை யார் எப்போது வைத்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. எந்தக் காரணமும் இல்லாமல், முழு எண்ணாக இருக்கிறதே என்று நானே வைத்தது. மறுமுனையில் உள்ள கணினி ஒரு வினாடிவரை பொறுக்கும். ஆகவே சீரான இடைவெளி என்ற நிபந்தனையைத் தளர்த்தி 7-இலும் 23-இலும் வைத்தோம். இடைவெளி 80, 120 என்று மாறிமாறி வரும். மோடத்துக்கு அது தெரியவே தெரியாது. 15-இல் திசைப் பணி, 31-இல் பதிவுப் பணி, 39 காலி.

பதிவுப் பணியை மட்டும் அடியோடு மாற்றி எழுதினோம். அழிப்புக் கட்டளையை இட்டதும் அது திரும்பிவிடும். 200 மில்லி வினாடி கழித்து வரும் தன் அடுத்த முறையில், முடிந்ததா என்று ஒரே ஒருமுறை கேட்கும். இல்லையென்றால் மறுபடியும் திரும்பிவிடும். அதுவரை வரும் பதிவுகள் நினைவகத்தில் 64 இடமுள்ள வளையத்தில் காத்திருக்கும். சில்லு உள்ளுக்குள் அழித்துக்கொண்டிருக்கும்போது தடம் காலியாகவே இருப்பதால் உணரிப் பணி தன் எண்ணாக்கியைப் படிக்கலாம். தலைப்புப் பகுதியையும் ஒழித்துவிட்டோம். ஒவ்வொரு பதிவிலும் வரிசை எண் இருந்தால், எங்கே எழுதுகிறோம் என்பதைப் பலகை தொடங்கும்போது தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

வாட்ச்டாக்கை நிலைப்பணியே தட்டுகிறது, ஆனால் கண்மூடித்தனமாக அல்ல. கடந்த 40 மில்லி வினாடியில் வேகப் பணி நான்கு முறையும், மின்கட்டமைப்புப் பணி இரண்டு முறையும், உணரிப் பணி ஒருமுறையும் ஓடியிருந்தால் மட்டுமே தட்டும். 35-க்கு முன்னரோ 45-க்குப் பின்னரோ தட்டு விழுந்தாலும் வாட்ச்டாக் ஏற்காது. பழைய 100-ஐ 45-ஆகக் குறைக்க முடிந்ததே அட்டவணையின் கொடை.

இந்த அமைப்பை உப்பாலில் எழுதியபோது வேலை பாதியாகக் குறைந்தது. இடைமறிப்பு இல்லை, எனவே நிறுத்துக் கடிகாரம் வேண்டாம். சாதாரணக் கடிகாரங்களே போதும். கட்டங்களை அடுக்கித் தரும் ஓர் ஆட்டோமேட்டா, தொடங்கினால் சுழியத்துக்கும் தன் அதிகபட்ச நேரத்துக்கும் இடையே எப்போதாவது முடியும் ஏழு பணிகள், ஃபிளாஷ், வாட்ச்டாக். எந்தப் பணியும் தன் கட்டத்தைத் தாண்டி வழியவில்லை, வாட்ச்டாக் காலாவதியாகவில்லை, உணரி மதிப்பு நிலைப்பணியை அடையும்போது ஒருபோதும் 10 மில்லி வினாடிக்கு மேல் பழசாகவில்லை என்ற மூன்றும் மெய்யெனத் தேறின. அழிப்பு நேரத்தை 400-க்குப் பதில் 4000 என்று மாற்றியும் பார்த்தோம். பதிவுகள் வளையத்தில் குவிந்தன, வேறெதுவும் அசையவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் நேரம் நம் கையில் இல்லை. மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50-ஐச் சுற்றி எப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறது, 49.9 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 20.04 மில்லி வினாடி. எங்கள் 20 மில்லி வினாடிச் சாளரம் அதன்மேல் மெல்ல வழுக்கிச் செல்வதால், கணித்த மின்னழுத்தத்தில் மெதுவான ஓர் அலை தெரிந்தது. அட்டவணையை மின்கட்டமைப்புக்கு இசைவிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. மின்சாரம் போனால் அட்டவணையே தடுமாறும் என்பதால் அதை ஏற்கவில்லை. மாதிரிகளை வன்பொருளே ஒரு சுழல் நினைவகத்தில் சேர்க்க, பணி தன் முறை வரும்போது அதில் சுழியத்தைக் கடக்கும் புள்ளிகளைத் தேடி, முழுச் சுழற்சியை மட்டும் எடுத்துக் கணிக்கிறது. 2.6 மில்லி வினாடியில் பெரும்பகுதி இந்தத் தேடலுக்கே செலவாகிறது.

களத்தில்

புதிய மென்பொருள் அடுத்த பருவம் முழுவதும் ஓடியது. வாட்ச்டாக் ஒருமுறைகூடப் பாயவில்லை. இயந்திரம் நின்ற தடவைகள் எல்லாம் மின்கட்டமைப்பு உண்மையாகவே விடுபட்டபோது நின்றவை. ஒவ்வொன்றுக்கும் பதிவு இருந்தது.

ஆனால் ஆடி மாதத்தில் பதிவுகளை இறக்கிப் பார்த்தபோது, கட்டம் வழிந்தால் கூட்டப்படும் எண்ணியில் 1 என்று இருந்தது. வழிந்தது 23-ஆம் கட்டம், செய்திப் பணி. செல்பேசிக் கட்டமைப்பு மாறியதாக மோடம் நீண்ட அறிவிப்பு ஒன்றை அனுப்ப, அதை முழுவதும் ஒரே மூச்சில் படித்துத் தீர்க்க முயன்ற பணி 5 மில்லி வினாடியைத் தாண்டியிருக்கிறது. 2.8 என்று நாங்கள் அளந்த நாட்களில் அப்படியொரு அறிவிப்பு வந்ததே இல்லை. மாதிரி பொய் சொல்லவில்லை. அதற்கு நாங்கள் கொடுத்த 3.5 பொய்.

விளைவு சிறியது. அடுத்த கட்டமான 24-இல் வேகப் பணி ஒரு மில்லி வினாடிக்கும் குறைவாகத் தாமதித்துத் தொடங்கியது, அதன் கெடு தவறவில்லை. என்றாலும், செய்திப் பணியை 2-இலும் 22-இலும் வைத்திருந்தால் வழிதலைத் தாங்க வேண்டியவர்கள் 3-இல் உள்ள உணரிப் பணியும் அப்போது காலியாகியிருக்கும் 23-உம்தான். வேகப் பணிமேல் விழுந்திராது. இரண்டு இடங்களும் நிபந்தனைகளைச் சமமாகவே நிறைவேற்றின என்பதால் மாதிரிக்கு அவற்றிடையே வேறுபாடு தெரியவில்லை. நம்பிக்கை குறைந்த எண்ணை யாருக்கு முன்னால் உட்கார வைப்பது என்ற கேள்வியை நாங்கள் கேட்கவில்லை.

இப்போது செய்திப் பணி ஒரு முறைக்கு 64 பைட்டுக்கு மேல் தொடுவதில்லை. மீதி அடுத்த முறைக்கு. இடத்தை 2, 22-க்கு மாற்றி மறுபடியும் சரிபார்த்து, அடுத்த காற்றுக்கு முன் ஏற்றினோம்.